ஆலயங்களில் அரைமணி நேர மௌனத்துக்கு இடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் ஒரு கடிதம் வெளியாகியிருந்தது. நற்கருணை ஆராதனையின்போது, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில் இயேசுவை வணங்கும் வழிபாட்டின்போது, பாட்டும் செபமும் இல்லாமல் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருக்கும் வழக்கம் நம் ஆலயங்களில் தலைகாட்டுகிறது என்றும், அது வேறு சமயங்களிலிருந்து நுழைந்தது என்றும், கத்தோலிக்கருக்குச் செபமாலையும் நவநாளும் போதும் என்றும் அதை எழுதியவர் வருந்தியிருந்தார். அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. எனினும், இறைவன்முன் மௌனமாக இருப்பது கத்தோலிக்க வழியன்று என்று அக்கடிதத்தைப் படித்த இளையோர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து, அவற்றிற் பலவற்றில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுத்தவன் நான். எத்தனையோ பிள்ளைகளுக்குச் செபங்களை மனப்பாடம் செய்வித்த நான், இந்தச் செபத்தை ஒரு பிள்ளைக்கேனும் சொல்லிக் கொடுக்கவில்லை என்ற மனவருத்தமும் இக்கடிதத்துக்குக் காரணம்.

முதலில் திருச்சபையின் போதனை என்னவென்று பார்ப்போம். 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கிறிஸ்தவச் செபம் மூன்று வடிவங்களில் வெளிப்படுவதாகக் கூறுகிறது. வாய்ச்செபம், தியானம், ஆழ்நிலைச் செபம் என்பவை அவை. மூன்றாவதை விளக்க வந்தபோது அந்நூல் எடுத்துக்காட்டுவோருள் ஒருவர் துறவியோ இறையியலாளரோ அல்லர். பிரான்ஸ் நாட்டின் ஆர்ஸ் என்னும் சிற்றூரில், 1818 முதல் 1859இல் இறக்கும்வரை பங்குத்தந்தையாக இருந்த புனித ஜோன் மரிய வியான்னியின் காலத்தில், வயல்வேலைக்குப் போகும் விவசாயி ஒருவர் ஆலயத்துக்குள் வந்து நற்கருணைப் பேழையைப் பார்த்தபடி நீண்ட நேரம் அமர்ந்திருப்பார். அவருடைய உதடுகள் அசைவதில்லை. இவ்வளவு நேரமும் என்ன செய்கிறீர் என்று பங்குத்தந்தை கேட்டபோது, நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார் என்று அவர் பதில் சொன்னாராம். ஆழ்நிலைச் செபம் என்பது இயேசுவின்மேல் நிலைத்த விசுவாசப் பார்வை என்று சொல்லும் மறைக்கல்வி நூல், அந்த விவசாயியின் வாக்கையே அதற்குச் சான்றாக வைக்கிறது. அவர் எழுதப்படிக்கத் தெரிந்தவரா என்பதைக்கூட யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நம்மிடையே குழப்பத்துக்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது. தவக்காலத்தில் பங்குகளில் நடக்கும் ‘தியானம்’ என்பதற்கு நாம் பழகிய பொருள், காலை தொடங்கி மாலைவரை ஒரு குருவானவர் பிரசங்கம் செய்ய நாம் கேட்டுக்கொண்டிருப்பது. அது நல்லதுதான். ஆனால் ஆன்மிக நூல்களில் தியானம் என்பது, நற்செய்தியின் ஒரு நிகழ்ச்சியை மனத்தில் எடுத்து, அதை நினைத்து, உருவகித்து, நமக்கு என்ன சொல்கிறது என்று ஆராயும் முயற்சியைக் குறிக்கிறது. அந்த ஆராய்ச்சி மெல்ல ஓய்ந்து, நினைக்கப்பட்டவரின் முன்னிலையில் அன்போடு இருத்தல் மட்டும் எஞ்சும்போது, அதுவே ஆழ்நிலைச் செபம். கணவனும் மனைவியும் மணமான புதிதில் ஓயாமல் பேசுவார்கள். நாற்பது வருடம் கழித்து மாலை நேரத்தில் ஒரே விறாந்தையில் இரண்டு கதிரைகளில் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தை வெறுமை என்று அவர்களை அறிந்த எவரும் சொல்லமாட்டார்கள்.

இதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தவர் அவிலா நகர்ப் புனித தெரேசா. 1515இல் ஸ்பெயினில் பிறந்து 1582இல் மறைந்த இவரை, 1970ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதற் பெண் இவரே. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது, செபிக்கும் ஆன்மாவை ஒரு தோட்டத்துக்கும், அதற்கு நீர் பாய்ச்சும் நான்கு வழிகளைச் செபத்தின் நான்கு படிகளுக்கும் அவர் ஒப்பிடுகிறார். கிணற்றிலிருந்து கையால் இறைப்பது முதல் வழி. உருளை பூட்டிய பொறியால் இறைப்பது இரண்டாவது. ஆற்றுநீரோ ஓடைநீரோ பாய்வது மூன்றாவது. மழை பெய்வது நான்காவது.

வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்த எனக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. என் தந்தையார் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் விடியற்காலையில் துலா மிதித்து இறைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிடுவார். மூன்று பேரின் உடல் நோக ஒரு துண்டு நிலம் நனையும். வாய்ச்செபமும் தியானமும் தொடங்குவோருக்கு அப்படித்தான். புலன்களை அடக்கி, மனத்தை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு சொட்டையும் நாமே இறைக்க வேண்டும். பின்னர் அயலில் சிலர் மாடு பூட்டிச் சுற்றும் சூத்திரம் வைத்தார்கள். உழைப்புக் குறைந்தது, தண்ணீர் கூடியது. மூன்றாவது வழியைத்தான் யாழ்ப்பாணத்தான் அறிய வழியில்லை, எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. ஆசிரியப் பணிக்காகக் கிளிநொச்சிக்குப் போய், இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வயலுக்குத் தானாக ஓடி வருவதையும், கமக்காரர் வரம்பை வெட்டித் திருப்பிவிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாமல் நிற்பதையும் பார்த்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. நான்காவது மாரிமழை. அதில் தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை.

இந்த உவமையின் அழகு, மழையை யாரும் வருவிக்க முடியாது என்பதில் இருக்கிறது. இறைவன் கொடையாகத் தருவதை மனித உத்தியால் பெற முடியாது. ஆனால் மழை வரும் என்று காத்திருந்து கிணற்றை மறந்தவனின் தோட்டம் அதற்குள் கருகிவிடும். ஆகவே தெரேசா இறைப்பவனைப் பார்த்து இரக்கத்தோடு பேசுகிறார். சில நாட்களில் கிணறே வற்றிக்கிடக்கும், அப்போதும் நம்மால் இயன்றதைச் செய்தால் இறைவன் தண்ணீரின்றியே பூக்களைக் காப்பார் என்கிறார். இதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஏறக்குறைய 18 ஆண்டுகள், நற்கருணை உட்கொண்ட வேளைகள் தவிர, கையில் ஒரு நூல் இல்லாமல் செபத்தில் அமரத் துணிந்ததில்லை என்றும், செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு என்றும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மௌனமாக அமர்ந்தால் மனம் அலைகிறது, ஆகவே இது எனக்கு ஏற்றதன்று என்று சொல்லும் நண்பர்கள் இந்த ஒப்புதலை ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும்.

சரி, செபமாலையையோ நற்செய்தித் தியானத்தையோ விட்டுவிட்டு வெறுமனே இருக்கலாம் என்று ஒருவர் எப்போது முடிவு செய்வது? இங்கேதான் அவசரம் ஆபத்தானது. தெரேசாவின் தோழரும், அவர் சேர்ந்திருந்த கார்மேல் துறவற சபையின் சீர்திருத்தத்தில் துணைநின்றவருமான புனித சிலுவை அருளப்பர் இதற்கு மூன்று அடையாளங்களைத் தருகிறார். முன்போல் நினைத்துத் தியானிக்க இயலாமையும் அதில் சுவையின்மையும் ஒன்று. மனத்தை வேறு எப்பொருளிலும் ஈடுபடுத்த விருப்பமின்மை இன்னொன்று. இறைவன்மேல் அன்பான கவனத்தோடு, தனித்த சிந்தனை எதுவுமின்றி, அமைதியாக இருப்பதையே உள்ளம் நாடுவது மூன்றாவது. இம்மூன்றும் ஒருங்கே இருக்க வேண்டும் என்பது அவர் விதிக்கும் நிபந்தனை. முதலாவது மட்டும் இருந்தால் அது சோம்பலாகவோ, பாவத்தின் விளைவாகவோ, உடல் நலக்குறைவாகவோ இருக்கலாம். 1577 டிசம்பரில் தம் சொந்தச் சபையினராலேயே பிடிக்கப்பட்டு, தொலேதோ நகரில் ஓர் இருட்டறையில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அடைபட்டிருந்து தப்பி வந்தவர் அவர். இருளைப் பற்றி அவர் எழுதியவை கற்பனையில் எழுந்தவை அல்ல. இத்தகைய நிதானமான வழிகாட்டல் நம் பங்குகளில் கிடைப்பதில்லை என்பதே என் குறை. இளைஞனாக இருந்த காலத்தில், செபிக்க உட்கார்ந்தால் சொற்கள் வரவில்லை என்று ஒருவரிடம் போய்ச் சொன்னேன். இன்னும் கூடுதலாகச் சொல் என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பின் பல வருடங்கள் நான் செபத்தில் இறைவனுக்கு இடையில் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்கவில்லை.

கடிதம் எழுதிய அன்பரின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மௌனத்தின் பெயரால் தவறான போதனைகளும் எழுந்ததுண்டு. முயற்சி, விண்ணப்பம், புண்ணிய நாட்டம் அனைத்தையும் கைவிட்டு ஆன்மா செயலற்றுக் கிடப்பதே நிறைவு என்று போதித்த மிகுவேல் தெ மோலினோஸ் என்ற ஸ்பானியக் குருவின் கூற்றுகளை 1687ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் கண்டித்தார். நம் காலத்திலும், 1989 ஒக்டோபர் 15ஆம் நாள், புனித தெரேசாவின் திருநாளன்று, பின்னாளில் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கரின் தலைமையிலிருந்த, வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் அனுப்பியது. உடல் இருக்கை, மூச்சுப் பயிற்சி, மன ஒருமை ஆகியவற்றால் எழும் இனிய உணர்வுகளைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று மயங்கக் கூடாது என்பதும், கிறிஸ்துவின் மனிதத்தன்மையைக் கடந்து செல்லும் வழி என்று ஒன்று இல்லை என்பதும் அதன் சாரம். ஆனால் அதே மடல் மற்றச் சமயங்களின் முறைகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவில்லை. பயன்படுவதை ஏற்கலாம், கிறிஸ்தவச் செபத்தின் இயல்பு சிதையாதிருக்க வேண்டும் என்றே கூறுகிறது. வெறுமையைத் தேடி அமர்வது வேறு, ஒருவருக்காகக் காத்து அமர்வது வேறு. நம் மௌனத்தில் ஒரு முகம் இருக்கிறது. எலியா இறைவாக்கினர் மலையில் நின்றபோது சுழற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவர் இருக்கவில்லை, அதற்குப் பின் வந்த மெல்லிய ஒலியைக் கேட்டே அவர் முகத்தை மூடிக்கொண்டார் என்று வேதாகமம் சொல்வது எந்தச் சமயத்திலிருந்து வாங்கிய கடன்?

அந்நியம் என்ற சொல்லுக்கு இன்னொரு பதிலும் உண்டு. அது நம் மண்ணிலேயே கிடக்கிறது. 1928ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தின் தோலகட்டியில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தமிழ்க் குருவாகிய வண. தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். செபம், மௌனம், தவம், கையுழைப்பு ஆகியவற்றையே வாழ்வாகக் கொண்ட ஆழ்நிலைத் தியானத் துறவற சபை அது. அங்கு செபமாலை இடையறாது ஓதப்பட்டது. சாதிப் பாகுபாடு இறுகியிருந்த அக்காலத்தில், ஒரே கூரையின் கீழ் எல்லாரும் சகோதரர்களாக வாழ அம்மடம் வாசலைத் திறந்தது. கொழும்புக் கடைகளில் தோலகட்டி நெல்லிரசத்தை விரும்பி வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு, அந்தப் போத்தலுக்குப் பின்னால் ஒரு மௌனப் பாரம்பரியம் இருப்பது தெரியும்?

நான் செபமாலைக்கு எதிரானவன் என்று யாரும் கொள்ள வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். சமயம் கடந்து வரும் அந்த ஏழை மக்களின் வாய்ச்செபத்தை ஏளனமாகப் பேசும் ஆன்மிகம் எனக்கு வேண்டாம். ஆனால் ஆழ்ந்து நோக்குதல் இல்லாத செபமாலை உயிரற்ற உடலைப் போன்றது என்று 1974இல் சொன்னவர் திருத்தந்தை ஆறாம் பவுல். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் தம் திருமடலில் அதை மீண்டும் எடுத்துக்கூறி, செபமாலையில் நினைவுகூரும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சியாகிய ஒவ்வொரு மறைபொருளையும் அறிவித்தபின் சற்று நேரம் மௌனம் காக்கும்படி பரிந்துரைத்தார். நாமோ ஒரு பத்துமணி (செபமாலையின் பத்து மணிகளுக்கான செபம்) முடியுமுன்னே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். ஒருவர் முன்பாதியை முடிப்பதற்குள் மற்றவர்கள் பின்பாதியில் நுழைந்துவிடுகிறார்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொச்சிக்கடையில் குண்டு வெடித்தபோது நாங்கள் வீட்டில் இருந்தோம். கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் விடுதிகளிலும் அன்று மாண்டவர்களையும் சேர்த்து 250க்கு மேற்பட்டோரை இந்நாடு இழந்தது. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பூசை இல்லை. கர்தினால் ஆண்டகை ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்றிரவு வீட்டுப் பீடத்தின்முன் செபமாலை சொல்லத் தொடங்கினோம். இரண்டாம் பத்துமணியில் என் மனைவியின் குரல் நின்றுவிட்டது. என்னாலும் தொடர முடியவில்லை. பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தபடி இருவரும் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. எங்களுக்கு ஆறுதல் எதுவும் கிடைத்ததாகவும் சொல்லமாட்டேன். எதற்காக மன்றாடுவது என்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியார்தாமே சொல்லொணாப் பெருமூச்சுகளால் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியதை நான் பலமுறை வகுப்பில் வாசித்திருக்கிறேன். அன்றிரவுதான் அதற்குள் இருந்தேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்தபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. மனைவி காலமான பின்பும் நான் அதை விடவில்லை.

நேரமில்லை என்பார்கள். வெள்ளவத்தையில் மூன்று பிள்ளைகளோடு சிறிய தொடர்மாடி வீட்டில் வாழ்ந்து, விடியற்காலையில் சமைத்துவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தெரேசா தம் வாழ்நாளில் 17 மடங்களை நிறுவி, வண்டியில் ஊர் ஊராக அலைந்து, கடனும் வழக்கும் கண்டவர். கீழ்ப்படிதல் சமையலறைக்கு அனுப்பினால், அங்கே பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று அவர் தம் சகோதரிகளுக்குச் சொன்னார். செபத்தின் மிக உயர்ந்த படியைப் பற்றி எழுதும்போதும், அதிலிருந்து செயல்கள் பிறக்க வேண்டும், செயல்களே வேண்டும் என்றுதான் வலியுறுத்தினார். மரியாவும் மார்த்தாவும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே, மௌனமாக இருந்து எழுந்தபின் வீட்டிலுள்ளவர்களிடம் நம் குரல் சற்றுத் தணிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய காட்சிகளை நாம் தேட வேண்டியதில்லை. தொடங்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் உதவியது இதுதான்: அன்றைய நற்செய்திப் பகுதியை மெதுவாக இரண்டு முறை வாசித்து, மனத்தில் தங்கிய ஒரு சொல்லோடு பதினைந்து நிமிடம் அமர்வது. மனம் ஓடினால் கோபப்படாமல் இயேசுவின் பெயரைச் சொல்லித் திரும்பி வருவது. கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

பங்குத்தந்தையரிடமும் மறைக்கல்வி ஆசிரியரிடமும் பணிவோடு சில வேண்டுகோள்கள். ‘மன்றாடுவோமாக’ என்றபின்னும், வாசகங்களுக்கும் மறையுரைக்கும் பின்னும், நற்கருணை உட்கொண்டபின்னும் மௌனம் காக்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொதுப் போதனை ஏற்கெனவே கூறியிருக்கிறது. புதிதாக எதையும் புகுத்தத் தேவையில்லை, உள்ளதைச் செய்தாலே போதும். நற்கருணைக்குப் பின் பாடகர்குழு அடுத்த பாட்டைத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் காத்திருக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை மூன்று நிமிடம் நற்கருணைப் பேழைமுன் பேசாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்கு அது எளிதாக வருகிறது என்பதை என் பேரப்பிள்ளைகளிடம் கண்டேன். மாதத்தின் முதல் வெள்ளி மாலை நடக்கும், ஒரு மணிநேர ஆராதனையாகிய திருமணித்தியாலத்தில் முதல் அரைமணியை வழக்கம்போல் பாட்டுக்கும் மன்றாட்டுக்கும் கொடுத்து, மற்ற அரைமணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, விருப்பமுள்ளவர்கள் இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். வெளியே ஜம்பட்டா வீதியின் இரைச்சல் கேட்கத்தான் செய்யும். அதைப்பற்றிக் கவலையில்லை. முதல் மாதம் நாலு பேர் மட்டும் எஞ்சினாலும் விளக்கை அணைத்துவிடாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நாலு பேரில் ஒருவனாக நான் கடைசி வாங்கில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.